புதுப்பேட்டைக்குப் போன புல்லட்

சென்னைப் பட்டணத்தில் மூன்று வகை வண்டிகள் உண்டு. சாலையில் ஓடுபவை, வாசலில் நிற்பவை, புதுப்பேட்டையில் கிடப்பவை. முதல் இரண்டும் என்றைக்காவது ஒரு நாள் மூன்றாவதில் போய்ச் சேர வேண்டியவைதாம். இந்த வேதாந்தம் பட்டணத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், எங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிளை அந்த மூன்றாவது வகையில் சேர்த்துவிட்டு வருவதற்காக அப்பாவும் நானும் திருவல்லிக்கேணியிலிருந்து புறப்பட்டோம்.

'அப்பாவின் மோட்டார் சைக்கிள்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் அது எனக்கு மூத்தது. 1971-ஆம் வருஷம் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான 350 புல்லட். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில், 1979-ல், ஒரு டாக்டரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் அம்மா இந்த வீட்டுக்கு வந்தாள். அதனால் அம்மா அந்த வண்டிக்கு வைத்திருக்கும் பெயர் 'மூத்தாள்'.

"மூத்தாளுக்கு எண்ணெய் மாத்தியாச்சா? இளையாளுக்கு இன்னும் கறிகாய் வரலை" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

அப்பேர்ப்பட்ட மூத்தாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் உடம்பு சரியில்லாமல் போயிற்று. நிதானமாக, தாளம் போட்டாற்போல் ஒலிக்கும் வண்டி திடீரென்று சரவெடியாக மாறியது. வேகத்தைக் குறைத்தால் 'பட்பட்'டென்று வெடித்தது. நின்றபடி ஓடும்போது என்ஜின் தலைப்பக்கத்தில் யாரோ நாக்கைச் சொடுக்குவது போல் 'டிக், டிக்' என்றது. மாடி வீட்டில் நாலு மாதக் குழந்தை. அதன் தாய் கெட்டிக்காரப் பெண், சண்டைக்கு வரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் வந்து பேசாமல் நிற்பாள். சண்டை போட்டிருந்தாலாவது அப்பா பதில் சொல்லியிருப்பார்.

ஒரு பட்டறையில் காட்டினோம். பெயர் எதற்கு? "உள்ளே வால்வு போச்சு. என்ஜினைப் பிரிச்சாகணும்" என்று 38,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். கூடவே ஏதோ பசையை அப்பி அனுப்பினார்கள். பசை ஒரு வாரம் நின்றது. பிறகு மறுபடி சரவெடி.

ஒரு நாள் இரவு அப்பா எனக்குப் போன் செய்தார். நான் கல்யாணமாகி வேளச்சேரியில் இருப்பவள்.

"சனிக்கிழமை லீவுதானே அம்மா? ஒரு எட்டு வந்துட்டுப் போ. வண்டியைக் கொடுத்துடலாம்."

இத்தனை சுலபமாக அப்பா சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு பழைய கணக்குப் புஸ்தகத்தைக்கூட எடைக்குப் போட மனம் வராதவர் அவர்.

'குட்டி யானை' என்று செல்லப் பெயர் பெற்ற சிறு லாரி ஒன்று வந்தது. ஏறக்குறைய 160 கிலோ கனமுள்ள வண்டியை நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அம்மா கையில் குங்குமச் சிமிழோடு வந்தாள். லாரியில் எட்டி, விளக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள்.

"போற பெண்ணை வெறும் நெற்றியோடவா அனுப்பறது?" என்றாள்.

★

அண்ணா சாலையிலிருந்து திரும்பிக் கூவம் பாலத்தைத் தாண்டினால் ஆதித்தனார் சாலை. முன்னாளில் ஹாரிஸ் ரோடு. அதை ஒட்டிக் கிடக்கிறது புதுப்பேட்டை. ஆற்றுக்கு அக்கரையில் சிந்தாதிரிப்பேட்டை. 1730-களில் கும்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். அந்தக் கரையில் நூலைச் சேர்த்துத் துணியாக்கினார்கள். இந்தக் கரையில் வண்டியைப் பிரித்துச் சாமான் ஆக்குகிறார்கள்.

புதுப்பேட்டைச் சந்துக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டவை கதவுகள். வீட்டுக் கதவுகள் அல்ல, கார்க் கதவுகள். புத்தக அலமாரியில் புத்தகம் அடுக்கினாற்போல் வரிசை வரிசையாக நிற்கின்றன. அடுத்த கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் மட்டும். அதற்கடுத்ததில் ஸ்டியரிங் சக்கரங்கள், உறியில் தொங்கும் வளையங்கள் மாதிரி. ஒரு கடை வாசலில் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டாங்குகளைக் கொடியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை. சிலவற்றில் இன்னும் பெயர் அழியவில்லை. ஒன்றில் 'அம்மா துணை' என்று எழுதியிருந்தது.

அப்பா அந்தக் கொடியின் கீழே நின்றுவிட்டார். ஒவ்வொரு டாங்காக, பரீட்சைத் தாள் திருத்துவது போல் பார்த்தார்.

ஒரு வியாபாரி வந்தார். எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "டாங்கு இருக்குது, விளக்கு இருக்குது, சக்கரம் பரவாயில்லே. என்ஜினு எடைக்குத்தான் போவும்" என்று வாய்க்குள்ளேயே கூட்டல் கணக்குப் போட்டார். கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரு கூட்டல் கணக்கைக் கேட்டு முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றேன் நான். "ஓடுகிற வண்டி இது. விற்பதற்கு முன்னால் இன்னொருத்தர் பார்க்கட்டுமே."

நாலு கடை தள்ளி ஒரு வேப்ப மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, கறுத்த விரல்கள். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். புல்லட் என்றால் அவர்தான் என்று குட்டி யானைக்காரர் சொன்னார்.

பாய் வண்டியைத் தொடவில்லை. முதலில் சரித்திரம் கேட்டார், நல்ல வைத்தியர் மாதிரி. எப்போது வெடிக்கிறது? கைப்பிடியை முறுக்கும்போதா, விடும்போதா? விடும்போது என்றேன். 'டிக் டிக்' எப்போது அதிகம்? காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது.

"சரி, உதைங்க ஸார். கேட்போம்."

அப்பா வண்டிக்குப் பக்கத்தில் போனார். உதைமிதியின் மேல் காலை வைத்தார். எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அப்பா?"

"முழங்கால்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஒரு வருஷமா முடியலே அம்மா. காவல்காரப் பையன்தான் தினம் உதைச்சுக் கொடுத்தான். அவனும் ஊருக்குப் போயிட்டான்."

அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வண்டியை அவர் அத்தனை சுலபமாகக் கொடுக்கச் சம்மதித்த காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உதைமிதிக்குப் போனேன். கல்லூரி நாளில் அவரே சொல்லிக் கொடுத்த பாடம் காலுக்கு மறக்கவில்லை. மிதியை மெல்ல அழுத்து. ஆம்பியர் முள் நடுவுக்கு வரட்டும். இடது கையால் டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை தள்ளு. விட்டுவிட்டு, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கு. இரண்டாவது உதையில் சரவெடி ஆரம்பித்தது.

★

பாய் புறங்கையை என்ஜின் தலைக்கு எதிரே, இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தார். பிறகு என் கையைப் பிடிக்கச் சொன்னார். 'புஸ், புஸ்' என்று சிறு சிறு மூச்சாகக் காற்று கையில் பட்டது. புகைக்குழாய் என்ஜினோடு சேருகிற இடம் அது. பட்டறை வழக்கில் அந்தக் குழாய்க்கு 'பெண்டு பைப்' என்று பெயர்.

சோப்பு நீர் வந்தது. என்ஜின் சூடேறுவதற்குள் அந்த மூட்டில் தடவினார். குழந்தைகள் ஊதுகிற மாதிரி குமிழிகள் கிளம்பின.

"வண்டிக்கு ஒண்ணுமில்லே ஸார்" என்றார் பாய். "சத்தம் போடற இடம் வேறே. நோவு இருக்கிற இடம் வேறே."

அப்பா தரையைப் பார்த்தார்.

சகோதரிகளுக்கு இது விளங்குவது கஷ்டமில்லை. குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்து போனால் என்ன ஆகிறது? அடுப்பும் நன்றாக எரிகிறது, அரிசியும் நல்ல அரிசி. ஆனால் விசில் வருவதில்லை; ஓரத்தில் 'புஸ்'ஸென்று ஆவி போகிறது. அதற்காக அடுப்பைப் பிரிப்போமா?

இந்த என்ஜினில் 70 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிஷத்துக்கு 1,000 சுற்று என்றால் 500 வெடிப்பு, 500 தடவை புகை வெளியேற வேண்டும். மூட்டில் சந்து இருந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அந்த வழியாகச் சொடுக்கிக்கொண்டு வரும். அதுதான் 'டிக் டிக்'. வால்வுச் சத்தம் மாதிரியே கேட்கும். புகை போன கையோடு குழாய்க்குள் ஒரு கணம் இழுப்பு ஏற்படும். அப்போது அதே சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். கைப்பிடியை விட்டதும் எரியாமல் வருகிற பெட்ரோல் ஆவி, சுடுகிற குழாயில் அந்தக் காற்றோடு கலந்து தீப்பற்றும். அதுதான் சரவெடி. என்ஜின் ஆறியிருக்கும்போது சந்து அகலம். சூடேறினால் உலோகம் விரிந்து கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் அதிகம்.

இதில் விளையாட்டில்லாத விஷயமும் ஒன்று உண்டு. அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். வண்டியை மூடிய அறையிலோ, கதவடைத்த கொட்டகையிலோ நிறுத்தி ஓட விட்டுப் பார்க்கவே கூடாது. ஒழுகுகிற வண்டியானாலும் சரி, ஒழுகாத வண்டியானாலும் சரி.

இந்த வண்டியில் பெண்டு பைப்பை மரை போட்டு முடுக்குவதில்லை. என்ஜின் தலையிலுள்ள துவாரத்தில் இறுக்கமாகச் செருகி வைப்பதுதான். அதை ஆடாமல் தாங்கிப் பிடிப்பது கீழே உள்ள ஒரு இரும்புப் பட்டை. என்ஜின் ஆறும்வரை டீ குடித்துவிட்டு, பாய் ஸைலென்ஸர் கவ்வியைத் தளர்த்தி, கீழ்ப் பட்டையின் போல்ட்டைக் கழற்றி, ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டிக் குழாயை வெளியே எடுத்தார்.

"பாருங்கம்மா, கண் மை!"

குழாயின் முனையில் ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தது. மறு பக்கம் அகல் விளக்கில் பிடித்த மை போல் கறுத்திருந்தது. அந்த வழியாகத்தான் புகை ஓடியிருக்கிறது. முனை வட்டமாக இல்லை. ஒரு பக்கம் தேய்ந்து கோழிமுட்டை வடிவமாகி இருந்தது. ஏன் தேய்ந்தது? பாய் கீழ்ப் பட்டையை வெளிச்சத்தில் காட்டினார். மயிரிழை போல் ஒரு விரிசல். பட்டை தாங்காததால் ஒவ்வொரு குழியிலும் மேட்டிலும் குழாய் ஆடி ஆடி, தன் முனையைத் தானே தேய்த்துக்கொண்டிருக்கிறது. பசையை மட்டும் அப்பினால் ஒரு வாரத்துக்கு மேல் எப்படி நிற்கும்?

பட்டையை எதிர்க் கடைக்கு அனுப்பிப் பற்ற வைத்து வாங்கினார்கள். வேறு குழாய்க்காக ஒரு பையன் குவியலில் இறங்கினான். முதல் குழாய் துவாரத்தில் ஆடிற்று, வேண்டாம். இரண்டாவது நுழையவே இல்லை, வேண்டாம். மூன்றாவதில் துரு. நாலாவதைப் பாய் கையால் அழுத்தினார். பாதி போய் நின்றது. ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினார், போய் உட்கார்ந்தது.

"கையாலே போனா தளர்ச்சி. அடிச்சுப் போனா பகை. தட்டிப் போகணும்" என்றார். பாயும் ஏதோ ஒரு வகையில் வாத்தியார்தான்.

மறுபடி எடுத்து, துவாரத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் பழைய பசையைப் போக்கி, சூடு தாங்கும் பசையைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுக்குத் தடவிச் செருகினார். பிறகுதான் முக்கியமான விஷயம். எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டுமே முடுக்கினார். குழாய் தலையில் நன்றாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, மேலிருந்து பின்பக்கமாக ஒவ்வொன்றாய் இறுக்கினார். பின்பக்க போல்ட்டை முதலில் இறுக்கினால் அது குழாயை மூட்டிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்குமாம். "ஒரு நாள் ஓட்டி, ஆற விட்டு, திரும்ப ஒரு முறை இறுக்கிடுங்க" என்றார்.

மொத்தம் 1,400 ரூபாய்.

நான் உதைத்தேன். சரவெடி இல்லை; நாக்குச் சொடுக்கு இல்லை. அடி வயிற்றிலிருந்து பேசுகிற அந்தப் பழைய குரல். கூட்டல் கணக்கு வியாபாரிகூடத் திரும்பிப் பார்த்து, "நல்லாயிருக்குதே! வெச்சுக்குங்க ஸார்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

★

"வீட்டுக்குத்தானே?" என்று கேட்டேன். குட்டி யானையை அனுப்பியாகிவிட்டது. நான் முன்னால், அப்பா பின்னால். நாற்பது வருஷத்துக்கு மேல் முன்னால் உட்கார்ந்தவர், முதன் முறையாகப் பின்னால் உட்கார்ந்தார்.

"பசை காயணும்னா கொஞ்ச தூரம் ஓடணும் இல்லையா?" என்றார் அப்பா. பாய் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "திருவொற்றியூர் வரைக்கும் போகலாமே."

வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகின எனக்கு முதல் இரண்டு சந்திப்புகளிலும் கால்கள் குழம்பின. "அவசரப்படாதே" என்று காதருகே குரல். பாரிமுனையைக் கடந்து, 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்துக்கொண்டு, தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தோம்.

திருவொற்றியூர் என்றால் தியாகராஜரும் வடிவுடையம்மனும் நினைவுக்கு வருவார்கள். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த ஸ்தலம். ஆனால் எங்கள் மூத்தாளுக்கு இது புகுந்த வீடு.

அவள் பிறந்த வீடு இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊர். மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தையல் ஊசி. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-ல் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்தார்கள். 1970-க்குள் பிறந்த வீடு மூடிப் போயிற்று. புகுந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. 1977-ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்குப் புல்லட்டுகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டு போன பெண்! பிற்காலத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. ஆனாலும் டாங்கின் மேல் பொன்னிறக் கோட்டைக் கையாலேயே இழுக்கிற வித்தை இந்தத் திருவொற்றியூரில் வளர்ந்தது.

மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை. "அணைக்காதே. ஓடட்டும்" என்றார். இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கடற்கரைக்குப் போனோம். அங்கே பட்டினத்தார் சமாதி. பெரிய வணிகராக இருந்தவர், பிள்ளை விட்டுப் போன பெட்டியில் காதில்லாத ஊசி ஒன்றைக் கண்டு எல்லாவற்றையும் துறந்தார் என்பது கதை. ஊசி ஊரில் பிறந்த வண்டி, ஊசியால் துறவு பூண்டவரின் ஊரில் வந்து வாழ்ந்திருக்கிறது! இதை அப்பாவிடம் சொன்னேன்.

"எனக்கும் அந்த ஊசி வந்தாச்சுன்னுதான் நினைச்சேன்" என்றார் அப்பா, முழங்காலைத் தடவிக்கொண்டு. சற்றுப் பொறுத்து, "ஞாயிற்றுக்கிழமைகள்லே உனக்கு வேலை உண்டா அம்மா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். உண்டு, ஆனால் இல்லை.

வீட்டு வாசலில் வந்து நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. மாடியில் குழந்தை அழவில்லை. அம்மா வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், பின் இருக்கையில் அப்பாவைப் பார்த்தாள், அப்பா தன் முழங்காலைக் கையால் தூக்கி இறங்குவதையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. விளக்குக்கு மேலே காலையில் வைத்த குங்குமம் கொஞ்சமும் கலையாமல் இருந்தது.

"அங்கேயே நில்லுங்க. ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனவள், வாசற்படியில் திரும்பி நின்றாள்.

"மூத்தாளுக்கு மட்டும் இல்லே. உங்களுக்கும் சேர்த்துத்தான். கூடவே முழங்காலுக்குத் தைலமும் காய்ச்சி வைக்கிறேன்!"